எட்டு அடியும் ஒரு படி புளியங்கொட்டையும்

செவுத்துல சாஞ்சுடாதீங்க சார், செவப்பு ஒட்டிக்கும். உங்க ஆபீஸ் ஆளுங்க அடிச்ச கோடுதான். அடிச்சு ஒன்பது நாளாச்சு, இன்னும் பிசுபிசுன்னு கெடக்குது. எதைக் கலந்தாங்களோ... வெள்ளைச் சட்டை வேற போட்டுகினு வந்திருக்கீங்க. நாற்காலியை ஜன்னல்கிட்ட இழுத்துப் போட்டுக்குங்க. இங்கேருந்து பாத்தா தெரு முழுக்கத் தெரியும். காபியக் குடிங்க, ஆறுது.

பாருங்க, நல்லாப் பாருங்க. மணி நாலு. ஒரு ஈ காக்கா இருக்குதா? இதைப் போயி ஜனநெருக்கடி மிகுந்த தெருன்னு எழுதி, எட்டு அடி அகலப்படுத்தணும்னு கோடு அடிச்சுட்டாங்க. எட்டு அடின்னா இந்த ரூம் மொத்தமும் சார். நீங்க ஒக்காந்திருக்கற நாற்காலி நடுரோட்ல நிக்கும். அந்த மாதா படம் தொங்குற செவுரு ரோட்டோரம் ஆயிடும்.

பதினோரு வருஷம் எங்க மாமியாரோட அடுப்பங்கரையில பொகை குடிச்சவ நான். காத்துங்கறது எந்தப் பக்கத்துலேருந்து வரும்னே தெரியாது. எங்க வூட்டுக்காரரு தாலுக்கா ஆபீஸ்ல டைப் அடிக்கறவரு, ரூம் கட்டலாம்னு நான் சொன்னா பாக்கலாம்பாரு. பாத்துகினே பதினோரு வருஷம். கடைசியில நாலு வருஷத்துக்கு முந்தி கட்டுனோம். இந்த ஜன்னல் கம்பி, சேலத்துல கடைக்குக் கடை ஏறி எறங்கி நானே வாங்குனது. அதனாலதான் கலெக்டர் ஆபீசுக்கு இங்கிலீஷ்ல மனு எழுதுனேன், ராஜமேரின்னு கையெழுத்துப் போட்டு. கான்வென்ட்ல சிஸ்டர் விரல் மேல ஸ்கேலால அடிச்சு சொல்லிக்குடுத்த இங்கிலீஷ், அதுலயா தப்பு வரும்? வந்து தெருவுல போற ஜனத்தை மறுபடி எண்ணிப் பாருங்கன்னு எழுதுனேன். நீங்களும் வந்துட்டீங்க. அஞ்சு மணி வரைக்கும்தானே எண்ணுவீங்க? எண்ணுங்க. எங்க தெரு ஜனம் பகல்ல வெளிய தலைகாட்டாது. அந்த எதிர்வூட்டு மாதம்மா இருக்கறா பாருங்க, எட்டு மாசப் புள்ளத்தாச்சி, அவகூட இன்னிக்கு வாசப்படி தாண்டல.

எல்லாம் அந்த மெட்ராஸ்காரங்களால வந்த வினை. சேலத்துலேருந்து தருமபுரி மாவட்டத்தைப் பிரிச்சு எட்டு வருஷம் ஆவுதே, ஊரைத் திட்டம் போட்டுக் கட்டணும்னு நகரமைப்புப் படிக்கறவங்க இருபத்திரெண்டு பேரை அனுப்பி வெச்சாங்க. பத்து நாள் செய்முறை வகுப்பாம். கோயில் பள்ளிக்கூடத்து ஹால்ல எடம். அவங்க பெரியவரு, கண்ணாடி போட்டவரு, ஊரைக் காலால படிக்கணும்னு சொல்லிட்டாரு. காலையில ஆறு மணிக்கே கையில மேப்பு, தோள்ல டேப்பு, கூட்டமா நடை. சந்து சந்தா பூந்து வந்தாங்க. ஒருத்தரு பளபளன்னு ஷூ போட்டுகினு வந்து எங்க தெரு குள்ளம்மா வூட்டுச் சாணியில கால வெச்சாரு பாருங்க... அங்கேயே நின்னு, இந்த எடத்துல தெரு விளக்கு அவசியம்னு எழுதிக்கினாரு. பகல் பத்து மணி சார்.

தெருவுல இங்கிலீஷ் பேசத் தெரிஞ்சவ நான் ஒருத்தி. நீங்கதாம்மா கூட வந்து காட்டணும்னாங்க. காட்டுனேன். அதுல என்ன தப்பு?

அப்பறம் ஹால்ல ஊரை அட்டையில செஞ்சு வெச்சாங்க. வூட்டுக்குத் தீப்பெட்டி, மரத்துக்குப் பீர்க்கங்கா நாரு. அழகாத்தான் இருந்துது, பொய் சொல்லக் கூடாது. ஊர்ப் பொம்பளைங்களை எல்லாம் வரச்சொல்லி ஆளுக்கு மூணு புளியங்கொட்டை குடுத்தாங்க. நீங்க தெனம் அதிகமா நடக்கற தெருவுல வைங்க, கொட்டை நெறைய விழுந்த தெருவுக்கு மொதல்ல வசதி செய்யச் சொல்லி எழுதுவோம்னாரு பெரியவரு.

நீங்களே சொல்லுங்க சார். தருமபுரிக்கு வந்து புளியங்கொட்டையை ஓட்டுச் சீட்டா வெக்கலாமா? எந்த வூட்டைத் தட்டுனாலும் மூட்டையா கெடக்கும். மெட்ராஸ்ல மிட்டாய் மாதிரி எண்ணி விக்கறாங்களோ என்னமோ...

சிரிக்காதீங்க. என் முந்தானையில ஒரு படி முடிஞ்சுகினு போனேன். நான் மட்டுமா? குள்ளம்மா ஒரு சொம்பு. சும்மா இல்ல சார். எங்க சின்னக் கெணத்துத் தெருவுல அந்தக் கெணறு வத்தி ரெண்டு வருஷம். தண்ணிக்கு அப்பல்லாம் பெரிய கெணத்துத் தெரு கொழாக்குப் போவணும். அங்க இருக்கற மகராசிங்க கொடத்தைப் பாத்ததும் எங்க கொழா தேஞ்சு போவுதுன்னு பேசுவாளுங்க. ஒருநாள் மாதம்மா கொடத்தைக் காலால தள்ளியே வுட்டாளுங்க. அவ வெறும் கொடத்தோட வந்து இதே ஜன்னலுக்கு வெளிய நின்னா. எனக்குத்தான் வயித்தெரிச்சல்.

அப்பறம் அட்டை ஊர்ல எங்க தெரு தெரியவேயில்ல. கொட்டை குமிஞ்சு தீப்பெட்டி மூடிப்போச்சு. பெரியவரு கண்ணாடியைக் கழட்டித் தொடச்சுப் போட்டுப் பாத்தாரு. நாங்க குடுத்ததைவிட கொட்டை பத்து மடங்கு இருக்குதேன்னாரு. நேர்ல போயி எண்ணிப் பாத்துடலாம்னு ரெண்டு பேரைத் தெருமுனையில ஸ்டூல் போட்டு ஒக்கார வெச்சுட்டாரு.

நான் என்ன பண்ணட்டும்? நடங்கடின்னேன்.

முன் வாசல்ல கெளம்பி, முனையில இருக்கறவங்க கண்ல பட்டு, மாட்டுக்கொட்டாய் வழியா பின்னால திரும்பி, மறுபடி முன் வாசல். குள்ளம்மா ஆறு நடை போனா. மூணாவது நடைக்கு சீலையை மாத்துனா, அஞ்சாவது நடைக்குப் பக்கத்து வூட்டுக் கொழந்தையைத் தூக்கிகினு போனா. அவ அத்தோட நிறுத்தியிருக்கணும் சார். ஆறாவது நடையில அந்த ஸ்டூல் ஆளுகிட்டயே போயி எத்தனை ஆச்சு தம்பின்னு கேக்கறா. நூத்தி எம்பதும்மான்னு பவ்யமா சொல்றாரு. அதுக்கு இவ, எரநூறா முடிச்சுடலாமான்னு கேட்டுட்டு வந்தா. இவளுங்கள வெச்சுகினு ஒரு காரியம் பண்ண முடியுமா...

நீங்க ஏன் சார் எழுதறதை நிறுத்திட்டு என்னைப் பாக்கறீங்க? நடந்ததைச் சொன்னேன். கொழா ஆடி மாசமே வந்துடுச்சு. எங்க வூட்டுக்கு நேர் எதிர்ல, பாருங்க, சிமெண்ட் மேடையோட. மாதம்மா மொதல் கொடம் புடிச்சா. சந்தோஷமாத்தான் இருந்துது. கொட்டைக்குக் கொழா குடுப்பாங்கன்னு தெரியும், அந்த ஸ்டூல் கணக்கைப் பாத்து கொழாக்குப் பின்னாடியே பெயிண்டு டப்பா வரும்னு யாரு கண்டா? எங்க வூட்டுக்காரரு கோட்டைப் பாத்துட்டு ஒண்ணே ஒண்ணு சொன்னாரு. "ஒரு படியோட நிறுத்தியிருக்கலாம், ராஜமேரி." சொல்லிட்டு சோறு போடுன்னுட்டாரு.

சரி, அது பழைய கணக்கு. இன்னிக்கு உள்ளதை எழுதுங்க. பூஜ்யம். தண்ணிகூட ஆறு மணிக்குத்தான் வுடுவாங்க, நீங்க அதுக்குள்ள பஸ் ஏறிடுவீங்க...

அது என்ன சத்தம்?

புஸ்ஸுன்னு... இல்ல சார், அது காத்து. கொழாயில சும்மா காத்து வரும். மணி நாலரைதானே? இன்னிக்கின்னு பாத்து இவனுங்க சீக்கிரம்... குள்ளம்மா, உள்ள போடி. அஞ்சு வரைக்கும் வரவேணாம்னு வூடு வூடா சொன்னேனில்ல? ஏ, கொடத்தைக் கீழ வைங்கடி. பாவிங்களா, பெரிய கெணத்துத் தெருக்காரிங்ககூட வராளுங்க பாருங்க சார், அவங்க கொழா கெட்டுப்போச்சாம். வந்து எங்க கொழாயில நிக்கறாளுங்க. ஜன்னலே மறைஞ்சுபோச்சு.

சார்? எங்க போறீங்க? காபியை வுட்டுட்டு... அங்க மேடைகிட்ட நின்னு எண்ணறீங்களா? இதெல்லாம் நெஜமான ஜனம் சார், இதுங்களை யாரும் ஏற்பாடு பண்ணல. சத்தியமா இந்தத் தடவை நான் இல்ல.

என்ன சொல்றீங்க, கிட்ட வந்து சொல்லுங்க, கொடம் சத்தத்துல கேக்கல... கொழாயைக் கழட்டி அடுத்த தெருவுக்கு மாத்திட்டா கூட்டமும் அங்கேயே போயிடுமா? அப்ப கோட்டை அழிச்சுடலாமா? நான் ஒரு வரி எழுதிக் குடுத்தா போதுமா?

பேப்பர் இருக்குது. பேனாவும் இருக்குது. இருங்க...

ஏ மாதம்மா, அவ்ளோ ரொப்பாத, பாதி எடுத்துகினு போ. குள்ளம்மா, அந்தக் கொடத்தை அவளுக்குத் தூக்கிக் குடு.

வேணாம் சார். நான் எழுதல. உங்க பேனாவையும் மூடிக்காதீங்க, எழுதுங்க. ஆனா எட்டு அடின்னு எழுதாதீங்க, ஆறு அடின்னு எழுதுங்க. ரெண்டு அடி மிஞ்சுனா அதுல ஒரு ஆள் நிக்கலாம், இந்தக் கம்பியை வெச்சு ஜன்னல் ஒண்ணு வுட்டுக்கறேன். சரிங்களா? தலையை ஆட்டுறீங்க, அது ஆறா எட்டா?

சரி, நவுருங்க. என் கொடம் காலையிலேருந்து காலியா கெடக்குது, நான் மட்டும் பாத்துகினு நிக்கறதா? வழி வுடுங்கடி. சார், நான் வரேன், என்னையும் எண்ணி எழுதிக்குங்க.

ஒரு தடவைதான் எழுதணும்.