ஹோலில் போடாத பாட்டுகள்

இப்போது வருகிற ஹிந்திப் படங்களில் ஹிந்திப் பாட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. நீங்கள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, குளிர்க் கோட்டைக் கழற்றிவிட்டு என் எதிரில் உட்கார்ந்தபோது நான் இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இந்தக் கோப்பிக் கடையின் வானொலியில் ஒரு படப்பாட்டுப் போகிறது. படம் ஹிந்தி, பாட்டு பஞ்சாபி. கதாநாயகனுக்குக் கலியாணம் என்றால் பஞ்சாபி, அவன் குடித்தால் பஞ்சாபி, லண்டனுக்கு விமானம் ஏறினாலும் பஞ்சாபி. அந்தப் படங்களை மட்டும் பார்க்கிற ஒருத்தி, அழத் தெரியாத மனிதர்களின் மொழி அது என்று எண்ணிக்கொள்ளலாம்.

ஹர்லீன், இதை நான் மனதுக்குள், தமிழில் சொல்கிறேன். உங்களுக்குத் தமிழ் தெரியாது. வாயால் நாங்கள் ஆங்கிலத்தில் பேசுவோம். எட்மன்டனில் பனி அதிகமா என்று நான் கேட்பேன், உங்கள் அப்பாவின் அம்மாவை, நீங்கள் பீஜி என்று கூப்பிடுகிறவரை, நன்றாகப் பார்த்துக்கொண்டதற்கு நீங்கள் நன்றி சொல்வீர்கள். சொல்லியும் விட்டீர்கள்.

எங்கள் சனம் ஹிந்திப் படத்துக்கு யாழ்ப்பாணத்திலேயே பழகிவிட்டது. இங்கே வந்தபிறகு அது கலியாணம் நடக்கும் ஹோல்களுக்குள் நுழைந்தது. என் மகள் யதுஷா பெரியபிள்ளையானதற்குச் செய்த சாமத்தியச் சடங்கில் தவில்காரர் வெளியே போக, தலைப்பாகை கட்டிய இரண்டு பெடியங்கள் டோல் மேளம் அடித்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். அவர்களை நான்தான் பிடித்தேன். ஆட்டத்தையும் நான்தான் பழக்கினேன். வெக்ஸ்போர்ட்டில் இருந்த காலம் முழுவதும், ஸ்ரௌவ்விலில் வீடு வாங்கிப் போன பிறகும், ஆருடைய வீட்டுக் கலியாணம் என்றாலும் 'சந்திரவதனாவைக் கேளுங்கோ, அவவுக்கு அந்தப் பாட்டுகள் தெரியும்' என்பார்கள். தெரிந்தது பாட்டுத்தான். நாற்பது ஐம்பது சொற்கள் இருக்கும். பெண்ணே, அழகியே, ஆடு, வளையல், இதயம்.

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துக்கு உங்கள் பீஜி வந்தபோது, பக்கவாதம் அவரிடமிருந்து ஆங்கிலத்தை எடுத்துவிட்டிருந்தது. எங்கள் மாடியில் பஞ்சாபி தெரிந்தவர் எவருமில்லை. தாதி ஜெனாட், இங்கே பிறந்த மன்னார்ப் பிள்ளை, என்னைக் கூப்பிட்டாள்.

"அன்ரி, உங்களுக்கு ஹிந்தி, பஞ்சாபி எல்லாம் விளங்கும்தானே? ஷீ இஸ் சேயிங் சம்திங். ஒருக்கா கேளுங்கோ."

நான் கேட்டேன். ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் கதவடியில் மூன்றுபேர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "ஜன்னல் பக்கம் இருக்க வேணுமாம்" என்றேன். கதிரையை ஜன்னலடிக்குத் தள்ளினோம். பீஜி சிரித்தார். எவராயிருந்தாலும் சிரித்திருப்பார்.

அன்றிலிருந்து நான் அந்த மாடியின் பஞ்சாபிக்காரி. இருபது வருடமாக மற்றவர்களின் படுக்கை விரிப்பை மாற்றியவளை டொக்டர் பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கினார். என்னோடு வேலை செய்யும் பரிமளம் அக்கா, மட்டக்களப்பு ஆள், அவவுக்கு மட்டும் சிரிப்பு.

"சந்திரா, உனக்கு எங்க புள்ள பஞ்சாபி? ஆடத் தெரிஞ்சாக் காணுமா?"

"உங்களுக்கு அதுவும் தெரியாதே அக்கா" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் போனில் முகம் காட்டுவீர்கள். 'அப்பா உயிரோடு இல்லை, பஞ்சாபியை எனக்குப் பழக்க ஆளில்லை' என்று வெட்கப்பட்டீர்கள். நான் போனைப் பிடித்துக்கொண்டு பீஜி சொல்வதை உங்களுக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். 'சாப்பிட்டாயா என்று கேட்கிறா. மெலிந்துவிட்டாயாம்.' கிழவிகள் எல்லா மொழியிலும் அதைத்தானே கேட்பார்கள். நீங்கள் ஒருமுறை கண்ணைத் துடைத்தீர்கள். அதில் ஒரு நன்மை இருந்தது என்று இப்போதும் நம்புகிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் உங்களுக்காகத்தான் அவசரப்பட்டேன். பீஜியின் கட்டிலுக்கு மேலே ஒரு படம் ஒட்டியிருக்கும், தூக்குவதென்றால் இரண்டு பேரும் மெஷினும் வேண்டும் என்று. பரிமளம் அக்கா சாப்பிடப் போயிருந்தா. உங்கள் அழைப்பு வரும் நேரம். வெளிச்சத்தில் இருந்தால் அவருடைய முகம் உங்களுக்கு வடிவாகத் தெரியும். தனியாகத் தூக்கினேன். தனியாகத் தூக்கியதற்காக முன்னரும் என்னை எச்சரித்திருந்தார்கள். இன்னொரு தடவை என்றால் வேலை இல்லை என்பதும் எனக்குத் தெரியும். அவர் என் கையிலிருந்து வழுகி, இடுப்பு அடிபட நிலத்தில் விழுந்தார். பெரிய சத்தம் இல்லை. மறுபடி தூக்கிக் கட்டிலில் கிடத்தி, தலைமுடியை வாரிவிட்டேன்.

அப்போதுதான் அந்த வாக்கியத்தை முதல்முறை சொன்னார். நீளமான வாக்கியம். நடுவில் குரல் மேலே போய், கடைசியில் இழுபட்டு முடியும். ஜெனாட் உள்ளே வந்தாள்.

"என்ன சொல்லுறா அன்ரி?"

"பாடுறா" என்றேன்.

பீஜியின் கை இடுப்பில் தட்டிக்கொண்டிருந்தது. "தாளம்" என்றேன். வாக்கியத்தின் முடிவில் விரல் என்னைக் காட்டியது.

"ஏன் உங்களைக் காட்டுறா?"

"என்னையும் சேர்ந்து பாடச் சொல்லுறா."

போன் அடித்தது. அதன்பிறகு நடந்ததை நீங்களும் பார்த்தீர்கள், ஞாபகம் இருக்கும். பீஜி பாடுகிறா என்றதும் நீங்கள் சிரித்தீர்கள். நான் ஒரு படப்பாட்டை எடுத்துப் பாடினேன். ஜெனாட் கை தட்டினாள், அங்கே நீங்களும் தட்டினீர்கள். பீஜி எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு உங்களைப் பார்த்து, மெதுவாக, பிள்ளைக்குச் சோறூட்டும்போது சொல்வதுபோல, அதே வாக்கியத்தைத் திரும்பவும் சொன்னார்.

அடுத்த கிழமை முழுவதும் அவரை நானே கழுவினேன், நானே உடுப்பு மாற்றினேன். அவருடைய பாஷை தெரிந்தவள் செய்தால் அவருக்கு ஆறுதல் என்று சொன்னேன். எல்லோரும் என்னைப் புகழ்ந்தார்கள். இடுப்பின் நிறம் எப்படி மாறியது என்பதை நான் ஒருத்திதான் பார்த்தேன். நோவு இருக்கிறதா என்று ஜெனாட் ஒவ்வொரு நாளும் கேட்டாள். இருக்கிறது என்றால் மருந்து வரும், மருந்தோடு எக்ஸ்ரே வரும். இல்லை என்று சொன்னேன். பிறகு காய்ச்சல், பிறகு நிமோனியா. நிமோனியாவுக்கு எவரும் காரணம் தேடுவதில்லை.

அவர் இறந்த அன்று உடம்பைக் கழுவ நான் பிந்திவிட்டேன். பரிமளம் அக்கா விரிப்பை ஒதுக்கிப் பார்த்துக்கொண்டு நின்றா.

"இடுப்பெல்லாம் கறுத்துக் கிடக்கு புள்ள" என்றா. விரிப்பை இழுத்து மூடிவிட்டு, "என்ன பாட்டு அது, சந்திரா?" என்று கேட்டா. அதன்பிறகு அவ என்னோடு பேசுவதில்லை.

சொற்கள் எனக்கு விளங்கவில்லை. அது பொய்யில்லை, எவர் கேட்டாலும் சத்தியம் செய்வேன். ஆனால் ஹிந்திப் படங்களில் பஞ்சாபியில் துக்கப் பாட்டுகளும் உண்டு. டோல் இல்லாமல், ஒரு குரல் மட்டும் மேலே போய், இறங்க மனமில்லாமல் இழுபடும். அவற்றை நாங்கள் ஹோலில் போடுவதில்லை. சனம் எழும்பி ஆடாது. எத்தனையோ தடவை நானே கைவைத்து அடுத்த பாட்டுக்குப் போயிருக்கிறேன். பீஜியின் குரல் எந்த வகை என்று விழுந்த அன்றே எனக்குத் தெரியும்.

நீங்கள் கோப்பியைத் தள்ளி வைக்கிறீர்கள். ஒன்று கேட்கலாமா என்கிறீர்கள். பீஜி கடைசியில் பாடிய பாட்டு எது என்று தெரியாமல் உங்களுக்கு நித்திரை வருவதில்லையாம். உங்கள் அப்பாவைத் தாலாட்டிய பாட்டாக இருக்குமோ என்று ஒரு எண்ணமாம். பிரம்டனில் ஒரு பஞ்சாபி அம்மாவைக் கண்டுபிடித்திருக்கிறீர்கள், இரண்டு வரி கேட்டால் சொல்லிவிடுவாராம். பழைய பாட்டின் அர்த்தம் விளங்காவிட்டாலும் பரவாயில்லை, சத்தம் ஞாபகம் இருந்தால் போதும், ஒருக்காப் பாடுங்கள் என்கிறீர்கள். போனை மேசையில், என் கைக்குப் பக்கத்தில் வைக்கிறீர்கள். பதிவாகத் தொடங்குகிறது.

எனக்கு ஒவ்வொரு சத்தமும் ஞாபகம் இருக்கிறது. பாத்திரம் கழுவும்போது நாக்கில் வந்து நிற்கிறது. இப்போதும் நிற்கிறது. முதல் சொல்லைச் சொன்னால் மிச்சம் தானாக வரும். பிரம்டன் அம்மா அதைக் கேட்டதும் அது பாட்டாக இருக்காது.

உங்கள் போனை எடுத்து, திரையைக் கவிழ்த்து, உங்கள் பக்கமாக நகர்த்துகிறேன்.

"இல்லைப் பிள்ளை" என்று தமிழில் சொல்லிவிட்டு, பிறகு ஆங்கிலத்தில் சொல்கிறேன். "அது அவவின்ர பாட்டு. அதை நான் பாடி நாசமாக்கக் கூடாது."