கஞ்சி போட்ட சேலை

வெள்ளைச் சேலைக்குக் கஞ்சி போடுவதில் ஒரு பக்குவம் இருக்கிறது, போதகரே. கெட்டியாக இருந்தால் மடிப்பில் வெடிக்கும். நீர்த்துப்போனால் பகலுக்குள் தொய்ந்துவிடும். எழுபத்து நான்காம் வருஷம் அரிசி கண்ணில் படவில்லை. அப்போதும் கூப்பனுக்குக் கிடைத்த மாவில் ஒரு பிடி ஒதுக்கிக் கஞ்சி காய்ச்சி, விறைப்பான சேலையோடுதான் ஆலயத்துக்கு வந்தேன். நீங்கள்கூட மற்றப் பெண்களிடம் என்னைக் காட்டிப் பேசினீர்கள்.

பூனாகலைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நான் பிள்ளைக்காம்பரா ஆயா. தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது பிள்ளைகளை என்னிடம் விடுவார்கள். காலையில் ஆளுக்கு ஒரு தம்ளர் பால். அந்த வருஷம் பல பிள்ளைகளுக்கு அதுதான் சாப்பாடு.

சுத்தமாக வரும் பிள்ளைக்குத்தான் பால் என்பது நான் வைத்த ஒழுங்கு. துரை வைத்ததல்ல. தலை, மூக்கு, நகம் எல்லாம் பார்ப்பேன். சுத்தமான வீட்டில்தான் தேவபயம் இருக்கும் என்று நினைத்தேன்.

மீனாம்பாளின் மகள் செவந்திக்கு மூன்று வயது. சடை பிடித்த தலை. திருப்பி அனுப்பினேன்.

"எண்ணெய்க்கு எங்க போறது ஆயா? பால தலையிலயா ஊத்தப் போறீங்க, வாயிலதானே?" என்றாள் மீனாம்பாள்.

நின்றவர்கள் சிரித்தார்கள். நான் கோபப்படவில்லை.

"குளிப்பாட்டிக் கொண்டா புள்ள, தாரேன்."

அவள் பிள்ளையைத் தங்கள் லயத்து வீட்டு அறையில் பூட்டிவிட்டு மலைக்குப் போனாள். செவந்தியின் பாலைக் கங்காணி வீட்டுப் பேத்திக்குக் கொடுத்தேன். இஸ்திரி போட்ட சட்டை அவளுக்கு. இரண்டாவது தம்ளரைப் பெரும்பாலும் கக்கிவிடுவாள்.

ஒன்பது நாள் அப்படிப் போனது. பத்தாம் நாள் விடியும்போதே, பனியில், பீலியில் கொட்டும் மலைத் தண்ணீரில் குளிப்பாட்டிக் கொண்டுவந்தாள். பிள்ளை நடுங்கவில்லை. நடுங்க உடம்பில் ஒன்றும் இல்லை.

"பாருங்க ஆயா, பளிச்சுன்னு இருக்கா."

விரல்களைப் பிரித்துப் பார்த்தேன். நகத்துக்குள் மண். நாளைக்கு வா என்றேன். மீனாம்பாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போனாள்.

மண் எப்படி வந்தது என்று கேட்கிறீர்கள். பூட்டிய அறையில் பசி தாங்காமல் சுவரைச் சுரண்டித் தின்றிருக்கிறாள். அது எனக்கு அப்போதே தெரியும். பல்லிலும் மண் இருந்தது.

அதற்கு மூன்றாம் நாள் செவந்தி இறந்தாள். குளிப்பாட்ட நானாகவே போனேன். நகம் வெட்டினேன். என் எண்ணெயைத் தேய்த்துத் தலை வாரினேன். என் சேலையில் பாதியைக் கிழித்துச் சுற்றினேன், மடிப்புக் கலையவில்லை. மீனாம்பாள் சுவரோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

தேவன் உள்ளத்தைப் பார்க்கிறார் என்று பிரசங்கித்தீர்கள். அவரால் முடியும். நான் ஆயா, நகத்தைத்தான் பார்க்க முடியும். பாலை மறுத்தது நான். அதனால்தான் பிள்ளை செத்தது. மறைக்கவில்லை. ஆனால் அன்றைக்கு அவள் எவ்வளவு அழகாக இருந்தாள், போதகரே. ஒரே ஒரு நாள் அப்படிக் கொண்டுவந்திருந்தால் கொடுத்திருப்பேனே.