மண் வீட்டுக்கு வந்த மவுசு

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் பஸ்ஸில், முன் சீட்டுப் பெண் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னதைக் கேட்டதும் என் தூக்கம் போய்விட்டது.

“எங்க பழைய வூட்ட சாக்குல அள்ளிட்டுப் போயிட்டாங்கக்கா.”

“வூட்டையா?”

“சிமென்ட்டு வூடு கட்ட இடிச்சோம்ல, அந்த மண்ணு செவுர. மெட்ராஸ்காரர் ஒருத்தரு செட்டிகுளத்துல சிக்கனமா வூடு கட்டணும்னு கேட்டாரு. எல்லாம் உள்ளூருப் பொருளாத்தான் இருக்கணுமாம்.”

“கட்டியாச்சா?”

“ஆச்சு. குளுகுளுன்னு இருக்கு. காருல வந்து பாத்துட்டுப் போறாங்க.”

“அவரு எப்ப குடி வராரு?”

“அவரு எங்க வராரு, மெட்ராசுல ஏசி வூடு இருக்கு. எங்க வூட்டுக்காரருதான் அங்க வாட்ச்மேன். சிமென்ட்டு வூட்டுல அனலு தாங்கல, புள்ளைங்களோட நாங்களும் அங்கதான் படுக்குறோம்.”

“அப்ப பழைய வூட்டுக்கே போயிட்டன்னு சொல்லு.”

“ஆமாக்கா. செவுத்துல ஆணி மட்டும் அடிக்கக் கூடாதாம்.”