சிவப்பு அம்பு

— அம்மா, தொடாதீங்க லா! பசை இன்னும் காயல.

— தொடாம எப்படிடி பாக்குறது, ஷர்மினி? இருபது வருஷமா பேக்டரில துணிய விரலாலதான் பாக்குறேன்.

— கஸ்தூரி ஆண்ட்டி, ஏணியக் கொஞ்சம் புடிங்க, நான் இறங்கிடுறேன். நீங்க பாக்குற பார்வையே பயமா இருக்கு.

— நீ ஏன் பயப்படுற, முபீனா? இந்த பஸ் படத்துல கூரை உன் வேலையா?

— கூரையும் ரெண்டு சக்கரமும் ஆண்ட்டி. சக்கரம் பூரா காலி நூல்கண்டு. உங்க பேக்டரி குப்பைல பொறுக்குனது.

— முப்பது அடி சுவர் பூரா துணிப் படம்மா. பிள்ளைங்க நாங்க நாப்பது பேரு. ஆளுக்கு ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு ஒரு முகம். எல்லாமே நீங்க ரிஜெக்ட் பண்ண துணி.

— தெரியுது. இந்த நீலம் போன மாசம் நான் தள்ளினது. சாயம் திட்டுத்திட்டா இருந்துச்சு.

— அந்தத் திட்டு இல்லன்னா மழை மேகம் எப்படி வரும்?

— ம்.

— வெறும் "ம்"மா? பத்து மணிக்கு நகராண்மைக் கழகத்துலேருந்து இதத் திறந்து வைக்க வர்றாங்க. பத்து பகாட் ஊரே இந்த பஸ் ஸ்டேஷன்லதான் ஏறி இறங்குது. எல்லாரும் பாக்குறதுக்கு முன்ன நீங்க பாக்கணும்னுதான் காலைலயே கூட்டியாந்தேன்.

— மூணாவது ஜன்னல். காது பிரியுது.

— அலமாக், ஐயோ! அது அஷ்வின் தைச்சது ஆண்ட்டி. போன வாரம்தான் ஊசில நூல் கோக்கவே கத்துக்கிட்டான்.

— குடு நான் தைக்கிறேன், முபீனா. பாத்தீங்களாம்மா, ரெண்டு தையல்ல முடிஞ்சிருச்சு.

— சரி, இது என்னடி? பழுது இருக்கிற இடத்துல நான் ஒட்டுற அம்பு ஸ்டிக்கர் அங்கங்க அப்படியே இருக்கு! உரிச்சிருக்க வேணாமா? சிவப்பா பல்லிளிக்குது. மானமே போச்சு.

— ஏன் உரிக்கணும்? அது உங்க வேலை. இந்தச் சுவத்துல நாப்பத்தொண்ணாவது ஆளு நீங்கதான்னு நாங்க எல்லாரும் பேசி வச்சோம்.

— என்னைக் கேக்காமலேவா?

— கேட்டா வேணாம்னுதான் சொல்லுவீங்க. வீட்லயும் அதேதானேம்மா? தோசை ஓரம் கருகிருச்சு, ஜடை கோணல், கணக்குல ரெண்டு மார்க் எங்கன்னு... எதப் பாத்தாலும் ஓர் அம்பு. இது நாலு மாச உழைப்பு. இன்னிக்கு ஒரு தடவை பாஸ்னு சொல்லிட்டுப் போங்க. வேற யாரு சொன்னாலும் எனக்கு அது பத்தாது.

— ஷர்மினி... ஆண்ட்டி பையத் தொறக்குறாங்க. யா அல்லா, ஸ்டிக்கர் ரோலு! அம்பு ரோல எடுக்குறாங்க!

— இன்னும் எங்கம்மா பழுது? சொல்லுங்க, பத்து மணிக்குள்ள பிரிச்சுத் தைச்சிடுறோம்.

— வாய மூடிக்கிட்டு அசையாம நில்லுடி.

— அம்மா! என் சட்டைல ஏன் ஒட்டுறீங்க? அப்ப நானே ரிஜெக்டா?

— பைத்தியம். எங்க பாக்கணும்னு காட்டுறதுக்குத்தாண்டி அம்பு. இன்னிக்கு வர்றவங்க இதச் செஞ்ச உங்களப் பாக்கட்டும். முபீனா, நீயும் வா. மத்த பிள்ளைங்களையும் வரிசையா நிக்கச் சொல்லு, வேலைக்கு இன்னிக்கு லேட்டாவே போறேன்.