கதவைக் கழற்றச் சொன்னவர்

எங்கள் குரு பாபா உள்ளே இருந்தார். நாங்கள் வெளியே ஓடிக்கொண்டிருந்தபோது அவர் உள்ளே இருந்தார். ஒரு குரல் கொடுக்கவில்லை. இதை முதலில் எழுதிவிடுகிறேன். மற்றதெல்லாம் பிறகு.

1988 செப்டம்பர் 19. திங்கட்கிழமை. மதியம். ரங்கூன், கியாக்டடா பேட்டை. நாங்கள் மூன்று பேர் ஓடுகிறோம். நான், என் மனைவி செல்லம், என் தம்பி தாசன். முந்தின நாள்தான் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. சூலே பகோடா பக்கம் ஊர்வலம். நகராட்சியில் தெருக் கூட்டும் நாங்களும் அதில் நின்றோம். முதலில் ஒரே ஒரு வெடி. சைக்கிள் டயர் வெடித்தது போல. பிறகு சத்தமே இல்லை. ஐந்து எண்ணுவதற்குள் வரிசையாக வந்தது. தகரக் கூரையில் கல்லை வாரி இறைத்தது போல.

"பியே! பியே!" ஓடச் சொல்லிப் பர்மியர்கள் கத்துகிறார்கள்.

"அண்ணே, குனிஞ்சு ஓடு! குனி!" இது தாசன்.

செல்லத்தின் ஒரு செருப்பு தெருவில் போய்விட்டது. முதல் சந்தில் திரும்பினோம். இடது பக்கம் பெரிய சீக்கியக் கோயில். இரும்புக் கதவு பாதி திறந்திருக்கிறது. வாசல்காரக் கிழவர் கர்த்தார் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். தலைப்பாகை அவிழ்ந்து தோளில் கிடக்கிறது.

"லா! லா! உள்ள வாங்க! முத்து, லா!"

லா என்றால் வா. முத்து நான்தான். படியில் ஒரு பர்மியப் பெண் கால் வைத்திருந்தாள். பச்சைக் கைலி, வெள்ளைச் சட்டை. பள்ளிக்கூடப் பிள்ளை. செல்லம் என் கையை இழுத்தாள். "ஏறுங்க!" என்றாள். மிச்சமிருந்த ஒரு செருப்பையும் படியருகில் கழற்றினாள். குண்டு வரும்போதும் கோயிலுக்குள் செருப்போடு போகக் கூடாது என்று நினைத்திருக்கிறாள்.

நான் ஏறவில்லை. அவளையும் இழுத்துக்கொண்டு ஓடினேன். ஏன் என்று கேட்பீர்கள்.

எங்கள் தாத்தாக்கள் ரங்கூனில் மலம் அள்ளக் கப்பலில் கொண்டுவரப்பட்டவர்கள். தமிழர் கோயிலில் எங்கள் இடம் தேங்காய் உடைக்கும் கல்லுக்கு வெளிப்பக்கம். சீக்கியக் கோயிலில் யார் போனாலும் சோறு போடுவார்கள். சாதி கேட்க மாட்டார்கள். போனோம். கேட்கவில்லைதான். அவர்கள் புனித நூலிலும் சாதி இல்லை. இந்தக் கோயிலில் அது தட்டில் இருந்தது.

கண்டுபிடித்தவர் பாபா. அவரும் பஞ்சாபிதான். செருப்புத் தைக்கும் குடும்பம். ஒரு நாள் பந்தி நடுவில் எழுந்தார். என் தட்டைப் பிடுங்கிச் சோற்றோடு கவிழ்த்தார். அடியில் ஆணியால் கீறிய ஒரு கோடு. தாசன் தட்டிலும் கோடு. பாபா தட்டிலும் கோடு. கடைசி வரிசைத் தட்டுகள் எல்லாவற்றிலும் கோடு. முன் வரிசைகளில் ஒன்றில்கூட இல்லை. கைகலப்பு ஆனது. தலைப்பாகைகள் தரையில் உருண்டன. அவர் வெளியேறினார். பதினோரு குடும்பம் அவர் பின்னால் போனோம்.

பிறகு அவர் தன்னையே குரு என்று சொல்லிக்கொண்டார். குருமார் வரிசை முடிந்துபோனது, இனி நூல்தான் குரு என்பது பெரிய கோயிலின் நம்பிக்கை. அதனால் பகை இன்னும் முற்றியது. அந்த வழக்கு எனக்குப் புரியவில்லை. என் தட்டைக் கவிழ்த்துக் காட்டியவர் குரு. எனக்கு அது போதும்.

மூன்றாவது சந்தில் ஒரு பழைய அரிசிக் கிட்டங்கியை மண்டபமாக்கினோம். கதவைக் கழற்றச் சொன்னார். யாரையும் தடுக்காத வீட்டுக்குக் கதவு எதற்கு என்றார். கழற்றினோம். அந்தப் பலகையைப் பிளந்து எரித்துத்தான் முதல் நாள் சோறு வெந்தது. சாப்பிட்ட பிறகு ஆளுக்கு ஒரு கை தண்ணீர் ஊற்றிச் சத்தியம் வாங்கினார். பெரிய கோயில் படியை மிதிப்பவன் தன் தாயை மிதித்தவன்.

செல்லம் மட்டும் சத்தியம் செய்யவில்லை.

"எங்கம்மாவ நான் எதுக்கு மிதிக்கணும்? கதவக் கழட்டிட்டீங்க, நாய்க்குத்தான் கொண்டாட்டம். ஏங்க, உங்க சாமியாரு வீட்டுல கதவு இருக்கா?"

"வாய மூடு."

"இருக்கு. பூட்டும் இருக்கு. லத்தாவுல சீனாக்காரன் தெருவுல வாங்குன பூட்டு. கூட்டப் போறப்ப பாத்தேன்."

அவளோடு மூன்று நாள் நான் பேசவில்லை.

அந்தச் சத்தியத்துக்காகத்தான் ஓடினேன். நாங்கள் ஓடுவதைப் பார்த்துப் பச்சைக் கைலிப் பெண்ணும் படியிலிருந்து இறங்கி எங்கள் பின்னால் வந்தாள். எங்களுக்கு இன்னும் நல்ல இடம் தெரியும் என்று நினைத்திருப்பாள்.

மண்டபத்துக்குள் நுழைகிறோம். தாசன் கதவைச் சாத்தக் கையை நீட்டுகிறான். கை வெறும் நிலையைத் தடவுகிறது. என்னைப் பார்க்கிறான். சந்தில் பூட்ஸ் சத்தம்.

நான் சோற்று அண்டாவுக்குப் பின்னால் விழுந்தேன். ஒளிந்தேன் என்றே எழுதுகிறேன். மூன்று வெடி. நிற்கிறது. பிறகு ஒன்று. அது அண்டாவில் பட்டது. மணி அடித்தது போல நெடுநேரம் அதிர்ந்தது. பூட்ஸ் வெளியே போனது. நான் செல்லத்தின் மூக்கில் கை வைத்தேன். தாசனுக்கு வைத்தேன். அந்தப் பெண்ணுக்கு வைத்தேன். லாரி வரும் சத்தம். பின்பக்கச் சன்னல் வழியாகத் தப்பினேன். மறுநாள் காலை வந்தபோது உடல்கள் இல்லை. தரை கழுவியிருந்தது. தரை கழுவுவது என் தொழில். அவ்வளவு சுத்தமாக நான் கழுவியதில்லை.

ஆறாம் நாள் கர்த்தார் என்னைத் தேடி வந்தார். படியருகில் கிடந்த செருப்பைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்தார். பாதி பர்மியமும் பாதி எங்கள் தமிழுமாகப் பேசினார்.

"உன் குரு உள்ளதான் இருந்தாரு. காலையிலயே வந்து கதவத் தட்டுனாரு. நான்தான் விட்டேன். சுடுறப்ப யாரு எவருன்னு பாப்பாங்களா? நீ ஓடுறப்ப அவரு கதவுக்குப் பின்னாலதான் நிக்கிறாரு. சொன்னேன். நான் கூப்பிட்டா வர மாட்டாங்க, நீ ஒரு சத்தம் குடுன்னு. தலையக் குனிஞ்சுக்கிட்டாரு."

உயிருக்குப் பயந்து படி ஏறியதை நான் குற்றம் சொல்லவில்லை. நானும் அண்டாவுக்குப் பின்னால் கிடந்தவன். கூப்பிட்டிருந்தால் அவர் உள்ளே இருப்பது எங்களுக்குத் தெரிந்திருக்கும். அது தெரியக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டார். அதைத்தான் சொல்கிறேன்.

பாபா அந்த வருடமே நாட்டை விட்டுப் போனார். பதினோரு குடும்பமும் சிதறிவிட்டது. இப்போது 2010. அவருக்கு வெளிநாட்டில் பெரிய சபை. அவர் பேசிய சிடி ஒன்று போன வருடம் என் கைக்கு வந்தது. செல்லத்தையும் தாசனையும், சாதிக்கு எதிராகக் கதவில்லாத மண்டபத்தில் உயிர் கொடுத்தவர்கள் என்று பேசுகிறார். கூட்டம் அழுகிறது.

நான் ஆற்றுக்கு அக்கரையில், டாலாவில் ஓர் அறையில் இருக்கிறேன். தமிழர் கோயில்காரர்களுக்கு நான் சீக்கியர் பக்கம் போய்விட்டவன். கர்த்தார் செத்துப்போனார். பெரிய கோயிலில் இப்போது தட்டில் கோடு இல்லை என்கிறார்கள். நல்லது. நான் போகவில்லை. சத்தியத்துக்காக இல்லை. அது செல்லத்தை நான் ஏறவிடாத படி. அறையில் ஒரே ஒரு தட்டு. கவிழ்த்துப் பார்த்துத்தான் வாங்கினேன். எனக்கு யாரும் பரிமாறுவதில்லை. ஆனாலும் பார்த்தேன்.

போனவர்கள் மூன்று பேர். செல்லம், முப்பத்தொரு வயது. தாசன், இருபத்து நான்கு. பச்சைக் கைலிப் பெண். பெயர் தெரியாது. அவளைத் தேடி அலைந்தவர்கள் யார் என்றும் தெரியாது. மூன்று உடலும் கிடைக்கவில்லை. மிஞ்சியது ஒரு செருப்பு. ஓட்டை விழுந்த ஓர் அண்டா. நான்.

பாபா, உங்கள் முன்னால் மைக் இருக்கிறது. உங்கள் சபை உட்கார்ந்திருக்கிறது. அவர்கள் எல்லோரும் கேட்கப் பதில் சொல்லுங்கள். இரும்புக் கதவுக்குப் பின்னால் நின்றீர்களா இல்லையா? கர்த்தார் கூப்பிடச் சொன்னாரா இல்லையா? முத்து என்று ஒரு முறை கத்தியிருந்தால் நாங்கள் திரும்பியிருப்போம். ஏன் கத்தவில்லை?