மக்னஸ் ஃபிளெட் சுக்கான் பிடித்த கதை

தலைமை இருக்கைக்குத் தனியழகு சேர்த்திருக்கும் மாதர் சங்கத் தலைவி திருமதி ஐனா ஸ்ட்ராகன் அவர்களே! நான் எப்போது முடிப்பேன் என்று இப்போதே கடிகாரத்தைப் பார்க்கும் போதகர் அவர்களே! அலையோடு அலைந்து, வலையோடு வளைந்து, வயதேறியும் வணங்காத் தலையோடு வீற்றிருக்கும் சபை மூப்பர்களே! கணவரைக் கடலுக்கு அனுப்பிவிட்டுக் கர்த்தரிடம் காவல் கேட்டு மண்டியிட்ட தாய்மார்களே! தேநீர்ப் பானையை விட்டு நகர மறுக்கும் வாலிபர்களே! லண்டன் மாநகரமே எழுந்து நின்று கைதட்டிய பிறகும், நம் போர்ட் ஓகில்வி மேடையில் கூச்சத்தோடு நெளிந்துகொண்டிருக்கும் எங்கள் நடிகர் மக்னஸ் ஃபிளெட்டே! உங்கள் எல்லோருக்கும் இந்த எல்ஸ்பெத்தின் மாலை வணக்கம்.

ஆண்டின் சிறந்த நடிகர் என்று லண்டனில் விருது தந்திருக்கிறார்கள். தந்தது அவர்கள், பெற்றது யார்? மக்னஸா? இல்லை! இந்தத் துறைமுகம் பெற்றது! இந்தத் தெருக்கள் பெற்றன! ஹெர்ரிங் மீனின் செதில் ஒட்டிய ஒவ்வொரு கையும் பெற்றது!

மக்னஸ் சிறு வயதிலேயே ஊரில் பத்துப் பேர் குரலில் பேசிக் காட்டுவார். மீன் ஏலம் போடுகிறவரைப் போல் கூவுவார். ஏலக்காரரே திரும்பிப் பார்ப்பார். பக்கத்து வீட்டில் குடியிருந்த நான், என் கணவர் கூப்பிடுகிறார் என்று எத்தனை முறை வாசலுக்கு ஓடியிருக்கிறேன்! ஆனால் அவர் தந்தை ஜோசப்புக்கு இது பிடிக்கவில்லை. அவர் மதுவைத் தொடாதவர், சீட்டைத் தொடாதவர், ஞாயிற்றுக்கிழமையில் கத்தரிக்கோலைக்கூடத் தொடாதவர். நடிக்கப் போகிறேன் என்று மகன் சொன்ன நாளில் அந்த வீட்டுச் சுவரைத் தாண்டி எனக்குக் கேட்டது இதுதான்:

"வேஷம்னா பொய்யிடா. நீ பொய் சொல்லிப் பொழைக்கிறதை இந்தக் கண்ணால நான் பாக்க மாட்டேன்."

"ஒரே ஒரு தடவை வந்து பாருங்கப்பா."

"செத்தாலும் வரமாட்டேன்."

அன்பார்ந்தவர்களே, கதை சொல்வது பொய்யா? நம் ஆண்டவர் படகில் உட்கார்ந்துகொண்டு கரையிலிருந்த கூட்டத்துக்குக் கதை சொன்னாரே, அது பொய்யா? அன்று நான் அதைச் சுவருக்கு இப்பால் நின்று நினைத்தேன். அப்பால் போய்ச் சொல்லத் துணிவில்லை. ஜோசப்பின் குரல் அப்படி!

மக்னஸ் கிளாஸ்கோ போனார். முதல் நாடகத்தில் அரச விருந்துக் காட்சி. இவர் மூலையில் நிற்கும் பிரபு, வசனமே கிடையாது. பரிசாரகன் பெரிய தட்டை ஏந்தி வந்து, அதிலிருக்கும் மீனின் பெயரை உரக்கச் சொல்கிறான். என்ன மீன்? நதியில் எதிர்நீச்சல் போட்டு ஏறுமே, அந்தச் சிவப்பு மீன்.

(யாரது பின்னால்? "பேரைச் சொல்லும்மா எல்ஸ்பெத்!" என்கிறவர்? நீ வந்து சொல்லப்பா! நாளைக்கு உன் படகு வெறுங்கையோடு திரும்பினால் என்னைக் கேட்காதே!)

அந்தப் பெயர் காதில் விழுந்தால் நாம் என்ன செய்வோம்? "சில்லிரும்பு!" என்று கூவி, பக்கத்திலிருக்கும் இரும்பைத் தொடுவோம். தொடாவிட்டால் கடல் கோபித்துக்கொள்ளும். மக்னஸும் அதையே செய்தார். பட்டுச் சட்டையோடு பாய்ந்து, "சில்லிரும்பு!" என்று அலறி, அரசரின் இடுப்பு வாளைப் பிடித்துவிட்டார்! அரங்கமே சிரித்தது. அரசர் சிரிக்கவில்லை.

திரை விழுந்ததும் இயக்குநர் கேட்டார்: "யாருய்யா உனக்கு இதைச் சொல்லிக் குடுத்தது?"

"எங்கப்பா, சார்."

"அப்ப அவரையே வரச் சொல்லு. நடிப்பாவது வருதான்னு பாப்போம்!"

வருவாரா அவர்? கிளாஸ்கோவில் பெயர் வாங்கினார் மகன், வரவில்லை. எடின்பரோவில் மாலை தவறாமல் அரங்கம் நிறைந்தது, வரவில்லை. திரைப்படத்தில் தளபதியாக வந்தார், திருடனாக வந்தார், துரையாக வந்தார். தந்தை மட்டும் வரவில்லை! "உங்க மகன் என்ன பண்றான் ஜோ?" என்று கேட்டால், "தெற்கே இருக்கான்" என்பார். அது தொழிலா? திசை!

மகன் பார்த்தார். தந்தை அரங்கத்துக்கு வராவிட்டால், அரங்கம் தந்தையிடம் வரட்டும் என்றார். புயலில் சிக்கிய மீன்படகு பற்றிய ஒரு நாடகத்தை நம் மீன்சந்தைக் கொட்டகைக்கே கொண்டுவந்தார். ஐஸ் பெட்டிகள் நமக்கு இருக்கை. சனிக்கிழமை பிற்பகல், ஊரே உள்ளே. ஜோசப் மட்டும் வெளியே. கொட்டகைக் கதவுக்கு முதுகு காட்டி, தன் படகின் கட்டுக்கயிற்றைச் சரிபார்ப்பதாகச் சொல்லிக்கொண்டு, கட்டியிருந்த முடிச்சையே கட்டிக்கொண்டிருந்தார்.

உள்ளே புயல் சீறுகிறது. மக்னஸ் படகுத் தலைவர்; சுக்கான் சக்கரம் அவர் கையில். அவருக்கு எதிரே கிளாஸ்கோ நகரத்துப் பையன், மாலுமி வேடம். கானாங்கெளுத்தி என்று சொல்ல வேண்டிய இடம். பதற்றத்தில் அந்தப் பையன் வாய் தவறி, சொன்னான் பாருங்கள் சிவப்பு மீனின் பெயரை! நடுக்கடலில்! புயலில்! படகின் மேல் நின்றுகொண்டு!

நான் இரும்பைத் தேடிக் கையை நீட்டினேன். அதற்குள் வாசலில் இடி இடித்தது: "சில்லிரும்பு!"

ஜோசப்! கொட்டகைக்குள் பாய்ந்து வந்து, கதவின் இரும்புத் தாழை இரு கையாலும் பற்றிக்கொண்டு நிற்கிறார் ஜோசப்! அடுத்த நொடி ஊரே எழுந்தது. சாவி, சங்கிலி, தூண், தராசு, கிடைத்த இரும்பையெல்லாம் பிடித்தது. "சில்லிரும்பு! சில்லிரும்பு!" நகரத்துப் பையன் வசனத்தை விட்டுவிட்டுக் கூட்டத்தைப் பார்த்தான். மக்னஸ் கலங்கவில்லை. சக்கரத்தை விடாமல், நம் பேச்சில், "வாயை மூடிட்டுப் பாயை இறக்குடா, பாவி!" என்று கர்ஜித்தார். நாடகம் எது, நாம் எது என்று பிரித்துச் சொல்ல அன்று யாரால் முடிந்திருக்கும்?

ஜோசப் தாழை விடவே இல்லை. கடைசிக் காட்சி வரை நின்றார்.

முடிந்ததும் என் கணவர் சீண்டினார்: "நாடகம் பாவம்னு சொன்னீங்களே ஜோ?"

"நான் எங்கய்யா நாடகம் பாத்தேன்? படகுல ஒருத்தன் தப்பாப் பேசினான். கண்டிச்சேன்."

சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகவில்லை. நேராக மகனிடம் போனார். மகன் முகத்தில் சாயம் கலையவில்லை. அடிப்பாரா? அணைப்பாரா?

"சக்கரத்தை அப்பிடியா பிடிப்பாங்க?" என்றார். "காத்து எந்தப் பக்கம் அடிக்குது? இடது தோள் தாழணும். பொய்யாப் பிடிச்சா எனக்குத் தெரியும்."

"மத்ததெல்லாம்ப்பா?"

கிழவர் தொப்பியைக் கழற்றினார், திரும்ப மாட்டினார். "மத்தது சரியா இருந்துச்சு. திங்கட்கிழமை தோளைத் தாழ்த்து. நான் பாக்க வரேன்."

வந்தார்! திங்கள் வந்தார், செவ்வாய் வந்தார், முன்வரிசையில் உட்கார்ந்தார்! அதே நாடகம்தான் லண்டன் போனது. அதே தாழ்ந்த தோளைப் பார்த்துத்தான் லண்டன் எழுந்து நின்றது. அங்கே கடைசிக் காட்சி முடிந்து மகன் வணங்கியபோது முதலில் எழுந்தவர் யார் தெரியுமா? ஞாயிற்றுக்கிழமைக் கோட்டோடு, கப்பலேறி அல்ல, ரயிலேறிப் போயிருந்த நம் ஜோசப்!

தாய்மார்களே, தந்தையர்களே! உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை பாடுகிறதா, ஆடுகிறதா, ஊரைப் போல் பேசிக் காட்டுகிறதா? கதவுக்கு முதுகு காட்டாதீர்கள். உள்ளே போங்கள். போய்க் குறை சொல்லுங்கள், குற்றம் சொல்லுங்கள்; ஆனால் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்!

பொறுமையாகக் கேட்ட சபைக்கும், பேச இடம் தந்த தலைவிக்கும், கடிகாரத்தை மறந்துவிட்ட போதகருக்கும் என் நன்றி. கடலுக்குப் போகிறவர்களையும் மேடைக்குப் போகிறவர்களையும் கர்த்தர் ஒரே கையால் காப்பாராக. வாழ்க மக்னஸ்! வாழ்க நம் துறைமுகம்! வணக்கம்.