ஒத்தைக்கு ஒரு கூண்டு

வேணாம் தம்பி, அந்த மாடிக் கூண்டை எடுத்த இடத்துலயே வச்சிருங்க. ஏணி, குழாய், சறுக்குன்னு பாக்க ஜோராத்தான் இருக்கு. ஆனா உள்ள இருக்கப்போறது நானில்லையே. இது ஹாம்ஸ்டர், எலி சாதி, குருவியில்ல. இவருக்கு ஏறத் தெரியும், இறங்கத்தான் தெரியாது. மேலருந்து விழுந்தா இடுப்பு போச்சு. எனக்கு உசரம் வேணாம், தரை வேணும்.

ஆமா, இந்த செருப்புப் பெட்டிக்குள்ளதான் இருக்காரு. மூடியத் தொடாதீங்க, கோவமா இருக்காரு.

கொஞ்சம் தள்ளுங்க, நானே அளந்துக்கறேன். டேப்பா? அது எப்பவும் கழுத்துலதான் கிடக்கும், தையக்காரி நான். ஊராளுக்கு எது இறுக்கும், எது பிடிக்கும்னு பாத்துப் பாத்து வெட்டறவ, இவருக்கு ஒரு கூண்டு பாக்க மாட்டேனா? ம்ஹூம், இது பத்தாது. அதுலயும் கம்பி நடுவுல என் விரல் போகுது பாருங்க. இவரு தலையும் போயிரும், தலை போனா ஆளே போன மாதிரிதான். சக்கரமும் சின்னது, ஓடினா முதுகு வில்லா வளைஞ்சிரும்.

என்னது, ஜோடியாவா?

அட, நீங்களுமா! எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. ஐயோ பாவம், ஒத்தையா கிடக்கே, துணை வேணாமான்னு. எங்கண்ணனும் அப்படித்தான். நான் வேலைக்குப் போன நேரமாப் பாத்து, ஒரு வார்த்தை கேக்காம இன்னொன்ன வாங்கிட்டு வந்து இவரு கூண்டுக்குள்ள விட்டுட்டாரு. சாயங்காலம் வந்து பாத்தா மரத்தூள் பூரா ரத்தம். இவருக்குக் காது கிழிஞ்சிருக்கு, அதுக்குக் கால்ல கடி. இந்த வகை வளந்துட்டா தனியாத்தான் இருக்கும் தம்பி, அதான் அதுக்கு சுகம். அண்ணன் என்னடான்னா, பழகிரும் விடுங்கறாரு. பழகறதுக்குள்ள ஒண்ணு செத்துரும்னேன். இவரை மட்டும் எடுத்துக்கிட்டு, அந்தப் புதுசைக் கூண்டோட தூக்கி அண்ணன் ரூம்லயே வச்சுட்டு வந்துட்டேன்.

கெட்டது பண்றவங்கள நறுக்குன்னு நாலு வார்த்தை கேட்டுரலாம். நல்லது பண்றேன்னு வர்றவங்ககிட்டதான் பேசி மாளாது. இந்தத் தடவை பேசப் போறதில்ல.

ஆங், அது என்ன, மேல தூசி படிஞ்சு கிடக்கே, நீளமா? அதை இறக்குங்க. முயல் குட்டிக்கா? இருக்கட்டுமே, இவரு என்ன போர்டைப் படிச்சுட்டா உள்ள போகப் போறாரு? பாருங்க, கம்பி நெருக்கம், விரல் போகல. அடித்தட்டும் ஆழம், தூள் கொட்டினா தோண்டிப் படுத்துக்கலாம். இவ்ளோ பெருசு எதுக்கா? ஒரு ஆள் நிம்மதியா இருக்க இவ்ளோ வேணும் தம்பி. பெரிய சக்கரம் ஒண்ணும் சேத்துக் கட்டுங்க.

வீட்டுக்கே கொண்டாந்து தருவீங்களா? அப்ப எழுதிக்கங்க. இல்லல்ல, தீனி வாங்கறப்பக் குடுத்த அட்ரஸ் வேணாம், அடிச்சிருங்க. பாலம் தாண்டி, சலவைக்கடை மாடி, பின்பக்க ரூம். நேத்துதான் சாவி வாங்கினேன். இன்னைக்கே வேணும், ஆறு மணிக்குள்ள. அண்ணன் வீட்டுக்கு அப்பத்தான் ஒருத்தர் வராரு. பொண்டாட்டி செத்தவராம், தங்கமான மனுஷராம். எல்லாம் பேசி முடிச்சு, என் மோதிர விரலுக்கு அளவு வரைக்கும் குடுத்தாச்சாம். வரட்டும், அண்ணனோட உக்காந்து காப்பி குடிக்கட்டும்.

மாடிப்படி குறுகல் தம்பி, கூண்டைக் கொஞ்சம் சாய்ச்சாப்புல தூக்கிட்டு வாங்க.